உண்மைக்குச் சான்று பகர்ந்த பெண்மணி



தையல் வேலை செய்து தனியே மகளை வளர்க்கும் தாய் ஒருவர், ஞாயிறு திருப்பலிக்குப் பின் நம்மிடம் வந்தார். "பத்திரிகைத் துறையில் படிக்க வேண்டும் என்கிறாள், சுவாமி. தகப்பன் துணையில்லாத பெண்பிள்ளை. ஊர் என்ன பேசும்?" என்று கலங்கினார். அவருக்கு நாம் ஒரு வரலாற்றைச் சொன்னோம். அதனை உங்களுக்கும் கூற விழைகிறோம்.

ஆன் ஓஹேர் மக்கார்மிக் 1880-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் பிறந்தார். இளமையை அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் கழித்த கத்தோலிக்கப் பெண் இவர். தந்தை தொழிலில் நொடித்துக் குடும்பத்தைக் கைவிட்டார். தாயாரோ மனந்தளரவில்லை. துணிமணிகளையும், தாம் இயற்றிய கவிதை நூலையும் வீடுவீடாகச் சென்று விற்றுப் பெண்மக்களை வளர்த்தார். பின்னர்த் தாயும் மகளும் கிளீவ்லாந்து நகரின் கத்தோலிக்கப் பத்திரிகையில் பணியாற்றினர். ஆம், இது போன்றதொரு திருச்சபை இதழே மகளுக்கு எழுத்துப் பயிற்சி தந்தது!

1910-இல் மணமான ஆன், கணவரின் வணிகப் பயணங்களில் உடன் சென்று ஐரோப்பாவைக் கண்டார். 1920-களின் தொடக்கத்தில் 'நியூயார்க் டைம்ஸ்' நாளிதழுக்குக் கட்டுரைகள் அனுப்பலானார். பலரும் பொருட்படுத்தாத முசோலினி, இத்தாலியின் ஆட்சியைப் பிடிக்கக்கூடியவர் என்பதை முன்னரே உணர்ந்து எழுதினார். பின்னாளில் அம்மனிதரிடம் அவர் பரிவு மிகுதியாகக் காட்டினார் என்ற குறைகூறலும் உண்டு. கூரிய கண்ணும் தவறக் கூடும். ஆதலின் எழுதுகோல் ஏந்துவோருக்கு நாள்தோறும் ஆன்மசோதனை தேவை.

இட்லர், ஸ்டாலின், சர்ச்சில் ஆகியோரை அவர் நேரில் கண்டு உரையாடினார். 1936-இல் அந்நாளிதழின் ஆசிரியர் குழுவில் இடம்பெற்ற முதல் பெண்மணியானார். 1937-இல் வெளிநாட்டுச் செய்திக் கட்டுரைகளுக்காகப் புலிட்சர் பரிசு பெற்றார். நோட்டர் டேம் பல்கலைக்கழகம், சிறந்த கத்தோலிக்கருக்கு வழங்கும் லெத்தாரே பதக்கத்தை 1944-இல் அவருக்கு அளித்தது. 1954-இல் இறக்கும் வரை அவர் எழுத்துப்பணியைக் கைவிடவில்லை.

கைவிடப்பட்ட தாய்மார் நம் பங்குகளிலும் உளர். "ஐயோ, பாவம்" என்று இரங்குவதோடு நம் கடமை தீர்ந்ததா? அவர்தம் பிள்ளைகளுக்கு இறைவன் அளித்த தாலந்தை, ஊர்ப்பேச்சுக்கு அஞ்சி மண்ணில் புதைக்கச் செய்வது நம் பாவமன்றோ? அந்த ஊர் என்பதும் நாமேயன்றோ?

அடுத்த ஞாயிறு அத்தாய் மகளோடு வந்தார். கல்லூரிக்கு நன்னடத்தைச் சான்று வேண்டுமாம். மகிழ்வோடு கையொப்பமிட்டோம்.