வேலைவாய்ப்பற்றோர் உதவித்தொகை: குடும்ப வருமான உச்சவரம்பை உயர்த்தக் கோரும் மனு

அனுப்புநர்: செயலாளர், வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவுதாரர் சங்கம்.

பெறுநர்: அரசுச் செயலாளர் அவர்கள், தலைமைச் செயலகம், சென்னை.

பொருள்: வேலைவாய்ப்பற்றோர் உதவித்தொகைத் திட்டம் – குடும்ப ஆண்டு வருமான உச்சவரம்பை ரூ.72,000-இலிருந்து ரூ.1,20,000 ஆக உயர்த்தவும், இதர கோரிக்கைகளை ஏற்கவும் வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: இதே பொருளில் எங்கள் சங்கம் முன்னர் அனுப்பிய மனுக்கள்.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து, பதிவைத் தவறாமல் புதுப்பித்தும் பணிக்கு அழைப்பு வராதவர்களின் சங்கம் எங்களுடையது.

பார்வையில் கண்ட மனுக்களில் எழுதியவற்றையே மீண்டும் விரிவாக எழுத வேண்டியுள்ளது. அவற்றுக்குக் கிடைத்த பதில்கள் இரண்டு வகைதான். ஒன்று, "மனு பரிசீலனையில் உள்ளது" என்ற ஒற்றை வரி. மற்றொன்று, திட்டத்தின் தகுதி நிபந்தனைகளை வரிசையாக அச்சிட்டு, தகுதியுடையோர் விண்ணப்பிக்கலாம் என்று முடித்த கடிதம். அந்த நிபந்தனைகளில் ஒன்றை மாற்றுங்கள் என்பதுதான் எங்கள் கோரிக்கை. அதையே எடுத்து எங்களுக்கு அனுப்பிவைத்தால் அது பதிலாகாது.

கோரிக்கை 1: வருமான உச்சவரம்பு

முதல் மனுவில் கணக்கை மட்டும் வைத்திருந்தோம். உதவித்தொகை பெறுபவரின் குடும்ப ஆண்டு வருமானம் ரூ.72,000-க்கு மிகக் கூடாது என்பது விதி. மாதத்துக்கு ரூ.6,000. நான்கு பேர் உள்ள வீட்டில் தலைக்கு ஒரு நாளைக்கு ஐம்பது ரூபாய். நூறு நாள் வேலைத் திட்டத்தில் 2025-26ஆம் நிதியாண்டுக்குத் தமிழ்நாட்டுக்கு அறிவிக்கப்பட்ட நாள் கூலி ரூ.336. நூறு நாளும் வேலை கிடைத்தால் ஒரு குடும்பத்துக்கு ரூ.33,600 வரும். அரசே கொடுக்கும் வேலையின் கூலியே வரம்பில் பாதியை நெருங்கிவிடுகிறது. மீதமுள்ள ரூ.38,400-க்கு மேல் வீட்டில் வேறு யாரும் எதுவும் சம்பாதிக்கக் கூடாது. அப்பா மாதம் பத்து நாள் கொத்து வேலைக்குப் போனாலே அந்த வீட்டுப் பிள்ளைக்கு உதவித்தொகை கிடையாது.

அடுத்த மனுவில், இந்த வரம்பும் ஐந்தாண்டுக் காத்திருப்பும் சேர்ந்து என்ன செய்கின்றன என்று எழுதினோம். பதிவு செய்து ஐந்தாண்டு முடிந்த பிறகே ஒருவர் விண்ணப்பிக்க முடியும். இருபத்தொரு வயதில் பட்டத்தைப் பதிந்தவருக்கு இருபத்தாறு வயதில்தான் தகுதி வருகிறது. இடையிலுள்ள ஐந்தாண்டில் எந்தக் குடும்பமும் சும்மா இருப்பதில்லை. தங்கை ஜவுளிக்கடையில் எட்டாயிரம் சம்பளத்துக்குச் சேர்ந்திருப்பாள். அது மட்டுமே ஆண்டுக்கு ரூ.96,000 ஆகிறது. அண்ணன் அதே வேலையில்லாதவனாகத்தான் இருக்கிறான். ஆனால் விதியின்படி அவன் இப்போது உதவி தேவைப்படாதவன். தங்கை தன் கல்யாணத்துக்குச் சேர்த்துவைக்கும் சம்பளத்திலிருந்து தேர்வுக் கட்டணத்துக்கும் பேருந்துக்கும் காசு கேட்க வேண்டிய நிலையில் எங்கள் உறுப்பினர்கள் பலர் இருக்கிறார்கள். இருபத்தாறு வயதில் அப்படிக் கேட்பது எவ்வளவு கூச்சம் தரும் என்பதைத் தாங்கள் அறிவீர்கள்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்கிறோம். வரம்பு இவ்வளவு தாழ்வாக இருப்பதால் வருமானச் சான்று வாங்கும் இடத்தில் பொய் சொல்லத் தூண்டப்படுகிறோம். வருவாய் ஆய்வாளர் விசாரிக்கும்போது உள்ளதை உள்ளபடி சொல்பவர் தகுதி இழக்கிறார். குறைத்துச் சொல்பவர் பெறுகிறார். நேர்மையான ஏழையைத் தண்டிக்கும் வரம்பை வைத்துக்கொண்டு தகுதியானவருக்கே உதவி சேர்கிறது என்று சொல்ல முடியாது.

மூன்றாவதாக நாங்கள் எடுத்துவைத்ததே இந்த மனுவின் அடிப்படை. இதை முழுமையாகப் படிக்க வேண்டுகிறோம். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்திலும் குடும்ப வருமான உச்சவரம்பு இதே ரூ.72,000 ஆகத்தான் இருந்தது. அந்தத் தொகை காலத்துக்குப் பொருந்தவில்லை என்பதை ஏற்று, 2022 முதல் அதை ரூ.1,20,000 ஆக அரசே உயர்த்தியது. நாங்கள் மனதார வரவேற்ற முடிவு அது. ஒரே ரேஷன் கார்டு, ஒரே கிராம நிர்வாக அலுவலர், ஒரே வருமானச் சான்று. ரூ.1,00,000 வருமானமுள்ள குடும்பம் மருத்துவமனை வாசலில் ஏழைக் குடும்பம் என்றால், வேலைவாய்ப்பு அலுவலக வாசலில் அது எப்படி வசதியான குடும்பமாகும்? 2023 செப்டம்பரில் தொடங்கிய கலைஞர் மகளிர் உரிமைத் தொகைத் திட்டத்தில் வரம்பு ரூ.2,50,000. அந்த அளவுக்குக்கூட நாங்கள் கேட்கவில்லை. அரசு ஒருமுறை திருத்திய அதே எண்ணை, எங்கள் திட்டத்திலும் அதே அளவுக்குத் திருத்துங்கள் என்கிறோம்.

இதே திட்டத்தில் மாற்றுத்திறனாளிகளுக்கு வருமான வரம்பே இல்லை. ஓராண்டுப் பதிவு போதும்; பத்தாண்டுகள் வழங்கப்படுகிறது. அது நியாயமானது, அப்படியே தொடர வேண்டும். குடும்பத்தில் யாரோ ஒருவர் சம்பாதிப்பதால் வேலையில்லாதவரின் தேவை தீர்ந்துவிடாது என்பதைத் திட்டமே அங்கே ஏற்றுக்கொண்டிருக்கிறது.

நிதிச் சுமை என்ற பதில் வரலாம். பட்டதாரிக்கு மாதம் ரூ.600, மூன்றாண்டு முழுவதும் பெற்றாலும் ரூ.21,600. பத்தாம் வகுப்பில் தேறாதவருக்கு மாதம் ரூ.200, மூன்றாண்டுக்கு ரூ.7,200. அத்துடன் நின்றுவிடுகிறது. முடிவு தேதி உள்ள, ஆயுளில் ஒருமுறை மட்டுமே பெறக்கூடிய உதவி இது. ஆண்டுக்காண்டு வளர்ந்துகொண்டே போகும் செலவல்ல.

காலதாமதம் எங்களை வேறு விதத்திலும் பாதிக்கிறது. வயது வரம்பு 40. பட்டியல் இனத்தவர், பழங்குடியினருக்கு 45. எங்கள் மனுக்கள் கோப்பில் இருந்த காலத்தில் அந்த வயதைத் தாண்டிவிட்டவர்கள் எங்கள் சங்கத்தில் உண்டு. இனி வரம்பை உயர்த்தினாலும் அவர்களுக்குப் பயனில்லை. ஆகவே, உயர்த்தும் ஆணையில் வருமான வரம்பு ஒன்றை மட்டும் காரணம் காட்டி முன்பு நிராகரிக்கப்பட்டவர்களுக்கு ஒருமுறை வயதுத் தளர்வும் அளிக்க வேண்டுகிறோம்.

இதர கோரிக்கைகள்

2. உதவித்தொகை விகிதங்களை (பத்தாம் வகுப்பு தேறாதவர் ரூ.200, தேறியவர் ரூ.300, பிளஸ் டூ ரூ.400, பட்டதாரி ரூ.600) உயர்த்த வேண்டும்.

3. குடும்ப வருமானத்தைக் கணக்கிடும்போது மகளிர் உரிமைத் தொகையைச் சேர்க்கக் கூடாது எனத் தெளிவுரை வழங்க வேண்டும்.

4. 2017, 2018, 2019ஆம் ஆண்டுகளில் பதிவைப் புதுப்பிக்கத் தவறியவர்களுக்கு 2021இல் மூன்று மாதச் சிறப்புச் சலுகை தரப்பட்டது. அதனை நிரந்தர ஏற்பாடாக்க வேண்டும். புதுப்பிக்க வேண்டிய மாதத்தைக் குறுஞ்செய்தியில் அறிவிக்க வேண்டும்.

5. ஆண்டுதோறும் அளிக்கும் சுய உறுதிமொழி ஆவணத்தை இ-சேவை மையம் வழியாகவும் பெற வேண்டும்.

6. அலுவலகங்களில் காத்திருப்போருக்கு இருக்கை, குடிநீர் வசதி செய்து தர வேண்டும்.

இரண்டு முதல் ஆறு வரையுள்ள கோரிக்கைகளை ஏற்று, முதல் கோரிக்கையை விட்டுவிட்டால் இந்த மனு ஏற்கப்பட்டதாகக் கருத மாட்டோம். தொகையை இரட்டிப்பாக்கினாலும், தகுதியே பெற முடியாத குடும்பத்துக்கு அதனால் ஒரு ரூபாயும் வராது.

மனுக்களுக்கு மூன்று நாட்களில் ஒப்புகையும் ஒரு மாதத்தில் தீர்வும் வழங்க வேண்டும் என்று அரசாணை எண் 99, நாள் 21.09.2015 கூறுகிறது. அதன்படி, ரூ.1,20,000 வரம்பு ஏற்கப்படுகிறதா இல்லையா என்பதையும், இல்லையெனில் மருத்துவக் காப்பீட்டுக்குப் பொருந்திய காரணம் இதற்கு ஏன் பொருந்தவில்லை என்பதையும் எழுத்துமூலம் தெரிவிக்க வேண்டுகிறோம். தகுதி நிபந்தனைகளின் நகல் எங்களிடம் உள்ளது. அதை மீண்டும் அனுப்ப வேண்டியதில்லை.

இப்படிக்கு,
செயலாளர்

இணைப்பு: முந்தைய மனுக்களின் நகல்கள், பெறப்பட்ட பதில்களின் நகல்கள்.
நகல்: மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கு.