தேடியதல்ல, தேடி வந்தது

"நோயைப் பற்றிக் கூகுளில் தேடாதீர்கள், டாக்டர் சொல்வதை மட்டும் கேளுங்கள்." மருத்துவ முகாம்களில் இந்த அறிவுரை தவறாமல் வரும். மலேசியாவின் கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களைப் பற்றிய பேச்சென்றால் இன்னொரு வரியும் சேரும்: படிப்பில்லாத சனங்களுக்குக் கைத்தொலைபேசியே விஷம். அக்கறையில் சொல்வதுதான். ஆனால் அதற்கு அடுக்கும் காரணங்களில் ஒன்றைத் தவிர மற்றவை நிற்கவில்லை.

முதலில் படிப்பு. 1929இல் ரஸ்ஸல் என்ற ஆங்கிலேயர் அங்கே 'போ' தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கியபோது வந்த தலைமுறை, தோட்டத்து மருத்துவ உதவியாளரான டிரசர் ஊற்றிக் கொடுத்த மருந்தைக் கேள்வி கேட்காமல் குடித்திருக்கலாம். அவர்களுடைய பேரப்பிள்ளைகள் மலாயில் எஸ்பிஎம் பள்ளித் தேர்வு எழுதியவர்கள். சுகாதார அமைச்சின் மைஹெல்த் பக்கத்தை வாசித்து அம்மாவுக்குத் தமிழில் சொல்ல வீட்டில் ஒரு பிள்ளை போதும். 2019 தேசிய சுகாதார ஆய்வு, நாட்டில் வயது வந்தோரில் 35.1 விழுக்காட்டினருக்குச் சுகாதார அறிவு குறைவு என்றது. அது கோலாலம்பூரையும் சேர்த்த கணக்கு. தோட்டத்துக்காரரை மட்டும் ஏன் தனியாகக் கைகாட்ட வேண்டும்? இன்று கொழுந்து வெட்டுவோரில் பலர் வங்காளதேசிகளும் நேப்பாளிகளும். அவர்களுடைய தாய்மொழியில் நோயை விளக்க அந்தக் கைத்தொலைபேசியை விட்டால் பெரும்பாலும் வேறு வழியில்லை.

டாக்டர் இருக்கிறாரே என்பது அடுத்தது. இருக்கிறார், அரசு கிளினிக்கில் குடிமக்களுக்கு ஒரு வெள்ளிதான். ஆனால் காத்திருப்பது அரை நாள், பேசுவது சில நிமிடம். அதே 2019 ஆய்வில் இந்தியர்களில் 31.4 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர். தைப்பூச விரதத்தில் மெட்ஃபோர்மினை எப்படிப் போடுவது என்ற சந்தேகம் வீட்டுக்கு வந்தபிறகுதான் தோன்றும். தேடிப் படித்தவர் அடுத்த முறை அந்தக் கேள்வியோடு உள்ளே போவார். அதில் டாக்டருக்கு என்ன நஷ்டம்?

இணையம் முழுக்கப் பொய் என்பது மூன்றாவது. பொய் நிறையத்தான். ஆனால் அது யார் தேடி வந்தது? சித்தப்பா வாட்ஸ்அப்பில் தள்ளிவிட்டது, டிக்டாக்கில் தானாக ஓடியது. குனிந்து நிமிர்ந்து இடுப்பும் முட்டியும் போனவரிடம் இப்படி 'மூலிகை' மாத்திரை விற்பது சுலபம். பதிவில்லாத இத்தகைய மருந்துகளில் டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு கலந்திருப்பதை அரசு திரும்பத் திரும்பக் கண்டுபிடித்திருக்கிறது. வலி உடனே குறையும், இனிப்பு நீர் ஏறும். டப்பாவில் 'எம்ஏஎல்' என்று தொடங்கும் பதிவு எண் உண்டா, அது உண்மையா என்று தேசிய மருந்து ஒழுங்குமுறை நிறுவனமான என்பிஆர்ஏ-யின் இணையதளத்தில் பார்க்கலாம். தேடாதே என்று சொன்னால் இந்தக் கதவையும் சேர்த்து அடைக்கிறோம்.

உண்மையான ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது, அதை இந்த அறிவுரையாளர்கள் யாரும் தொடுவதில்லை. தமிழில் தேடினால் வருவது பெரும்பாலும் தமிழ்நாட்டுக் காணொளி. பேசுபவர் நல்ல டாக்டர், சொல்வது சரியான தகவல், ஆனால் அந்த ஊருக்கு. அங்கே ரத்தச் சர்க்கரையை மில்லிகிராமில் சொல்கிறார்கள், மலேசியாவில் மில்லிமோலில். மில்லிமோலை மில்லிகிராமாக்க 18ஆல் பெருக்க வேண்டும். வீட்டுக் கருவி 14 காட்டுகிறது என்றால் அவர்கள் கணக்கில் அது 252. '70க்குக் கீழே இறங்கினால் உடனே இனிப்பு சாப்பிடுங்கள்' என்று காணொளி சொல்ல, 14ஐப் பார்த்துப் பதறிய ஒருவர் சர்க்கரைத் தண்ணீர் குடித்தால் என்ன ஆகும்? பொய்யே இல்லாமல் நடக்கும் விபத்து இது. ஆம்புலன்சுக்கு அங்கே 108, இங்கே 999. பாம்புக்கடி என்றால் அங்கே நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்ற நான்குக்கான விஷமுறிவு மருந்தைப் பற்றிப் பேசுவார்கள். கேமரன் மலையில் இருக்கும் பச்சை விரியனுக்கு அது பொருந்தாது. அதற்கான மருந்து தாய்லாந்திலிருந்து வருகிறது. கிளினிக் சுவரில் 'தேடாதீர்' என்று ஒட்டுவதைவிட அந்தச் சர்க்கரைக் கணக்கின் 18ஐ எழுதி ஒட்டலாம்.

'தேடாதே' என்பதற்கு நிற்கும் அந்த ஒரு காரணம் தாமதம். நெஞ்சுவலி, பாம்புக்கடி, வாய்க்குள் போன களைக்கொல்லி: இவற்றுக்குத் தேடல் இல்லை. பாராகுவாட் என்ற களைக்கொல்லியை 2020 ஜனவரி 1 முதல் மலேசியா தடைசெய்துவிட்டது, ஆனால் மற்ற களைக்கொல்லிகள் தோட்டத்தில் இருக்கின்றன. அந்த நேரத்தில் கைத்தொலைபேசியில் அழுத்த வேண்டியது 999, பிறகு தானா ராத்தா மருத்துவமனைக்கு வண்டி.