தீர்த்த யாத்திரை அல்ல!

நமது மத்தியதரக் குடும்பங்களில் கணவனும் மனைவியும் சேர்ந்து ரயில் ஏறுவதற்கு மூன்றே காரணங்கள் உண்டு: கல்யாணம், கருமாதி, க்ஷேத்திராடனம். இவற்றில் ஒன்றைச் சொல்லிவிட்டால் ஏன் என்று யாரும் கேட்பதில்லை; கடன் வாங்கிக்கொண்டு போனாலும் கேட்பதில்லை. "எங்களுக்குக் கல்யாணமாகி இருபது வருஷம் ஆகிறது, இரண்டு நாள் எங்கேயாவது போய்ச் சும்மா இருந்துவிட்டு வருகிறோம்" என்று சொல்லிப் பாருங்கள்! பெற்ற பிள்ளைகளே சிரிப்பார்கள்.

ஆகையால், ராமேசுவரத் தீவுக்குப் போவதென்று முடிவானதும் நமக்குப் பெரிய நிம்மதி. ஊரோ புண்ணிய க்ஷேத்திரம். யாத்திரை என்று ஒரு வார்த்தை சொன்னால் தீர்ந்தது! ஆனால் நமது சகதர்மிணி இதற்கு ஒப்பவில்லை.

"சாமி பேரைச் சொல்லிக்கொண்டு நான் வரமாட்டேன். இது நமக்காகப் போகிறது. அத்தையிடம் அப்படியே சொல்லுங்கள்" என்றாள்.

நாற்பது பையன்களை ஒரு பார்வையில் அடக்குகிற நமக்கு, எழுபத்தெட்டு வயதுத் தாயாரிடம் இதைச் சொல்ல மூன்று நாள் பிடித்தது. தாயார் கேட்டுவிட்டுச் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "உங்க அப்பா என்னை மானாமதுரைக்கு அந்தண்டை கூட்டிப் போனதில்லை. போய்ட்டு வாங்க" என்றார்.

பெண்ணின் காலேஜ் ஹாஸ்டல் பணம் அடுத்த மாதம் கட்டவேண்டும். எனவே, இரண்டு இரவுக்கு ஆறாயிரம் ரூபாய் என்று வரம்பு கட்டிக்கொண்டோம். கல்யாண நாள் ஆவணியில். ஆனால் உபாத்தியாயர்களுக்குக் கல்யாண நாளும் காலாண்டு விடுமுறையில்தான் வரவேண்டும். அதிலும் மகாளய அமாவாசை கழியட்டும் என்று காத்திருந்தோம். ஆடி, தை, மகாளய அமாவாசைகளில் அத்தீவில் நிற்க இடம் கிடைக்காது. கிடைக்கும் இடத்துக்கும் வாடகை சொல்லி மாளாது.

மதுரையிலிருந்து காலைப் பாஸஞ்சர் வண்டியில், கட்டுச்சோற்று மூட்டையுடன் புறப்பட்டோம். சுமார் 160 கிலோமீட்டர் பிரயாணம். மானாமதுரை ஸ்டேஷனில் வண்டி நின்றபோது சகதர்மிணி பிளாட்பாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். எதற்கென்று நாம் கேட்கவில்லை.

பாம்பன் பாலம் வந்தது. இத்தனை செலவில்லாத காட்சி இந்தியாவில் வேறு உண்டா என்பது சந்தேகமே. ரயில் டிக்கட்டோடு சேர்த்தே கொடுத்துவிடுகிறார்கள். ஜன்னலுக்குக் கீழே தரை தெரிவதில்லை, தண்ணீர்தான் தெரிகிறது. 1914-இல் திறந்த பழைய பாலத்தின் நடுப்பகுதியை, கப்பல் வரும்போது ஆட்கள் கையால் இயக்கித் திறப்பார்கள். 1964 புயலில் அது சிதைந்தபோது இளம் பொறியாளராயிருந்த ஸ்ரீதரன் 46 நாளில் செப்பனிட்டு ரயில் ஓடச் செய்தார். 2022 டிசம்பரில் அதன்மீது ரயில் ஓடுவது நின்றது. 2025 ஏப்ரல் 6-ஆம் தேதி திறந்த புதுப் பாலத்தில் 72.5 மீட்டர் நீளத் துண்டு ஒன்று அப்படியே மேலே எழும்பிக் கப்பலுக்கு வழி விடுகிறது. நாம் போனபோது கப்பல் ஒன்றும் வரவில்லை. வரவேண்டுமென்று எதிர்பார்ப்பதும் பேராசைதான்.

விடுதியில் கடல் தெரியும் அறைக்கு வாடகை ஏறக்குறைய இரட்டிப்பு. "கடலை ஜன்னலில் பார்க்கவா வந்தோம்?" என்று கேட்டுச் சந்து பார்த்த அறையை எடுத்தாள் சகதர்மிணி. வாசலில் ஓர் ஆட்டோக்காரர் அரை நாளில் ஒன்பது இடம் காட்டுவதாகச் சொன்னார். கணக்குப் பார்த்தோம், ஓர் இடத்துக்குக் கால் மணிகூட நிற்க முடியாது. கையில் பணம் குறைவாக உள்ளவர்கள் இடங்களைக் குறைக்கலாமே தவிர நேரத்தைக் குறைக்கக் கூடாது என்பது நமது அபிப்பிராயம்.

கோயிலுக்கும் போனோம், அங்கே போய்விட்டுப் போகாமல் வர முடியுமா? வெளிப் பிராகாரத்தின் 1,212 தூண்களையும் விளக்கு வைக்கும் நேரத்தில் ஒரு சுற்றுச் சுற்றினோம். இருபத்திரண்டு தீர்த்த ஸ்நானத்தை, அத்தையை அழைத்து வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டோம்.

மறுநாள் முழுவதையும் தனுஷ்கோடிக்குக் கொடுத்தோம். டவுன் பஸ் இருக்கிறது. 2017-இல் அரிச்சல்முனை வரை ரஸ்தா திறப்பதற்குமுன் மணலிலும் நீரிலும் வண்டிகள் தத்தளித்துப் போகும். முன்னாட்களில் சென்னையிலிருந்து போட் மெயிலில் வந்தவர்கள் இங்கேதான் கப்பலேறி, தலைமன்னாரில் இறங்கிக் கொழும்புக்கு ரயில் பிடிப்பார்கள். 1964 டிசம்பர் 22-ஆம் தேதி இரவு அடித்த புயல் ஊரை விழுங்கியது. பாம்பனிலிருந்து வந்துகொண்டிருந்த ரயிலும் பிரயாணிகளோடு போயிற்று. மாதா கோயிலின் சுவர்கள் மட்டும் கூரையின்றி நிற்கின்றன. அதன் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொள்ள நமக்கு மனம் வரவில்லை. வரிசையில் நின்று எடுத்துக்கொள்கிறவர்களைக் குறை சொல்லவும் இல்லை.

முனையில் ஒரு பக்கம் பெண் கடல், மறு பக்கம் ஆண் கடல் என்பார்கள். பெண் கடல் குளம்போல் கிடந்தது. ஆண் கடல் இரைந்துகொண்டிருந்தது. இரண்டுக்கும் நடுவே மணலில் உட்கார்ந்து தயிர்சாதம் சாப்பிட்டோம். முதல் ஒரு மணி நேரம் ஹாஸ்டல் பணம், மளிகைப் பாக்கி, பையனின் கணக்கு மார்க்கு என்று வீட்டுப் பேச்சே நடந்தது. பிறகு அதுவும் தீர்ந்துபோயிற்று. வீட்டில் இப்படிப் பேச்சுத் தீருவதே கிடையாது. அதற்குள் யாராவது கூப்பிட்டு விடுவார்கள். வெகு நேரம் சும்மா இருந்தோம்.

அதற்குப் பிறகுதான் சொன்னாள். கல்யாணத்துக்கு முன்பு ஆசிரியப் பயிற்சிக்கு மனுப் போட்டிருந்தாளாம். இடம் கிடைத்ததென்று கடிதம் வந்தது, நமது கல்யாணப் பத்திரிகை அச்சாகி வந்த அதே வாரத்தில். அவள் தகப்பனார் இரண்டையும் ஒரே மேஜைமேல் வைத்துவிட்டு வெளியே போய்விட்டாராம். இருபது வருஷமாக நம் காதுக்கு வராத செய்தி!

"அந்தக் கடிதம் இப்போது எங்கே?" என்று கேட்டோம். அவள் பதில் சொல்வதற்குள் போலீஸ்காரர் விசில் ஊதினார். பொழுது சாய்வதற்குள் முனையிலிருந்து எல்லாரையும் அனுப்பிவிடுகிறார்கள். பஸ்ஸில் இடம் பிடித்து உட்கார்ந்த பிறகு மீதியைச் சொன்னாள்.