யாருக்கு நன்றி, எதற்கு நன்றி?

நன்றியைப் பற்றி எழுதுவது எமக்கு இலகுவான காரியமல்ல. இடம்பெயர்ந்து திரும்பிய மக்கள் முன் நன்றியைப் பற்றிப் பிரசங்கம் செய்து, தக்க பதிலை வாங்கிக் கட்டிக்கொண்டவர் நாம்.

அது 2010ஆம் ஆண்டு. நாம் குருப்பட்டம் பெற்றுச் சில மாதங்களே ஆகியிருந்தன. மன்னார்ப் பெருநிலத்தில், கட்டுக்கரைக் குளத்து நீர் பாயும் ஒரு கிராமம். கோயிலுக்குக் கூரை இல்லை. தறப்பாளின் கீழ்த்தான் பூசை. அன்றைய நற்செய்தி, குணம்பெற்ற பத்துத் தொழுநோயாளரில் ஒருவர் மாத்திரம் திரும்பி வந்து இயேசுவுக்கு நன்றி சொன்ன பகுதி. நாமும் குருமடத்தில் படித்ததையெல்லாம் சேர்த்து, உயிரோடு ஊர் திரும்பியதற்கு நன்றி சொல்லுங்கள் என்று உருக்கமாகப் பேசி முடித்தோம். பூசை முடிந்ததும் ஓர் அம்மா வந்தார்.

"சுவாமி, ஒரு சந்தேகம். அந்தப் பத்துப் பேருக்கும் வருத்தம் மாறினது. எனக்கு மாறேல்லை. என்ர பெடியன் எங்கை எண்டே தெரியேல்லை. நான் என்னத்துக்கு நன்றி சொல்லுறது, சொல்லுங்கோ?"

எம்மிடம் மறுமொழி இருக்கவில்லை. அன்று முழுவதும் சாப்பாடும் இறங்கவில்லை. உண்மையைச் சொன்னால், அதற்குப் பின் பல வருடங்கள் அந்த நற்செய்தி வரும் ஞாயிறுகளில் நாம் வேறு எதையாவது பேசித் தப்பிக்கொண்டோம்.

2022 ஆவணியில் அதே அம்மாவின் வளவுக்குப் போக நேர்ந்தது. நாடே வரிசையில் நின்ற காலம். 2021இல் இரசாயன உர இறக்குமதி தடுக்கப்பட்டதால் வயல் விளைச்சல் விழுந்திருந்தது. மண்ணெண்ணெய் கிடைப்பது அரிது. கோதுமை மாவின் விலையைக் கேட்டால் தலை சுற்றும். மகளும் மருமகனும் மூன்று பேரப்பிள்ளைகளும் அந்த அம்மாவும் இருப்பது கால் ஏக்கர் வளவில். 2010இல் அங்கே பற்றைக் காடும் தூர்ந்துபோன கிணறும் தவிர ஒன்றுமில்லை. இப்போது வேலிக் கதியால்களுக்கிடையில் முருங்கை நிற்கிறது. கிணற்றடிக் கழிவுநீர் வாழைக்குப் போகிறது. குசினிக்குப் பின்னால் மரவள்ளி, பந்தலில் பயற்றை, ஓரமாக இரண்டு ஆடு. மீளக் குடியேறிய வருடம் வைத்த தென்னம்பிள்ளைகள் காய்க்கின்றன. அடுப்புக்கு மேலே புகை படும் இடத்தில் கத்தரி, பூசணி விதைகள் சாம்பலில் பிரட்டிக் கட்டித் தொங்குகின்றன. கடையில் விதை வாங்கி நாலைந்து வருடமாம்.

மத்தியானச் சாப்பாட்டுக்கு எம்மையும் இருத்தினார்கள். அவித்த மரவள்ளி, தேங்காய்ச் சம்பல், முருங்கையிலை வறை. சுவாமி இருக்கிறார், அவர்தான் செபம் சொல்லுவார் என்று நாம் தொண்டையைச் செருமினோம். ஆனால் ஒன்பது வயதுப் பேத்தி முந்திக்கொண்டாள். சிலுவை அடையாளம் வரைந்துவிட்டுச் சொன்னாள்: "கிழங்கு கிண்டினது அப்பா. தண்ணி அள்ளினது அம்மா. தேங்காய் திருவினது தம்பி. இலை ஆய்ஞ்சது அம்மம்மா. அவிச்சது அம்மா. எல்லாத்தையும் முளைக்க வைச்சது ஆண்டவர். மாமாவுக்கும் சாப்பாடு கிடைக்கவேணும். ஆமென்."

மாமா என்பது 2009இல் காணாமற்போன அந்த மகன். பிள்ளை அவரைக் கண்டதே இல்லை.

யார் படிப்பித்த செபம் என்று கேட்டோம். அம்மா சிரித்தார். "நாங்கள் வீட்டில ஆளுக்காள் நன்றி எண்டு சொல்லுற வழக்கமில்லைத்தானே சுவாமி. சொன்னால் வேற்றாள் மாதிரிக் கிடக்கும். அதான், ஆர் செய்தது எண்டு பேரைச் சொல்லுவம் எண்டு பழக்கினன்." மருமகன் தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்: "முந்தி என்ர பேர் வாறதே இல்லை. மனுசியின்ர பேர்தான் நாலைஞ்சு தரம் வரும். வெக்கத்திலதான் கிழங்கு கிண்டத் தொடங்கினன்."

எமக்கும் வெட்கமாகத்தான் இருந்தது. பங்குமனையில் எமக்குச் சமைத்துத் தருபவரின் பெயரை நாம் ஒரு நாளும் சாப்பாட்டுச் செபத்தில் சொன்னதில்லை. பாப்பரசர் பிரான்சிஸ் 2015இல் படைப்பைப் பேணுவது பற்றி எழுதிய சுற்றுமடலில், சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் நன்றி கூறும் பழக்கத்துக்குத் திரும்புமாறு விசுவாசிகளைக் கேட்டிருந்தார். உணவைத் தரும் உழைப்பாளரையும் நினைக்கச் சொல்லியிருந்தார். நாம் அதைக் கருத்தரங்குகளில் விளக்கியிருக்கிறோம். அந்த வீட்டில் அதைச் செய்துகொண்டிருந்தார்கள்.

ஆனால் இங்கே ஒரு விடயத்தைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். நன்றி என்ற சொல்லால் எமது மக்களின் வாயை அடைத்த சந்தர்ப்பங்கள் பல. நிவாரணம் கிடைத்ததே, வாயை மூடு. தகரம் தந்தோமே, படத்துக்கு நின்று சிரி. உங்கள் சொந்தக் காணியின் ஒரு துண்டை விட்டோமே, மாலை போடு. உரித்தானதைத் திருப்பிக் கொடுப்பது தர்மமாகாது. அதற்கு மாலையும் தேவையில்லை. தொண்டு நிறுவனங்களும், திருச்சபையின் நிறுவனங்கள் உட்பட, இந்தப் பாவத்தில் பங்குள்ளவைதான்.

வேதாகமம் காட்டும் நன்றி இப்படி வாயடைப்பதல்ல. இணைச்சட்டம் 26ஆம் அதிகாரத்தைக் குடும்பமாக இருந்து ஒருமுறை வாசித்துப் பாருங்கள். கமக்காரன் முதற்பலனைக் கூடையில் வைத்துக் குருவிடம் கொண்டுபோகிறான். கொடுத்துவிட்டுப் பேசாமல் திரும்புவதில்லை. தன் முன்னோர் நாடோடியாய் அலைந்ததையும், எகிப்தில் ஒடுக்கப்பட்டதையும், கூக்குரலிட்டதையும், ஆண்டவர் அதைக் கேட்டதையும் வாய்விட்டுச் சொல்கிறான். அதாவது, தன் இடப்பெயர்வின் கதையைச் சொல்லித்தான் கூடையை வைக்கிறான். நடந்த கொடுமையை மறந்துவிட்டு நன்றி சொல் என்று எவரும் அவனைக் கேட்கவில்லை. அதன்பின் விளைச்சலில் அந்நியருக்கும் அனாதைக்கும் கைம்பெண்ணுக்கும் பங்கு போகிறது. (1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் அயலவர் திரும்பி வந்து பற்றை வெட்டியபோது, எத்தனை கத்தோலிக்க வேலிகளுக்கு மேலால் ஒரு பூசணிக்காயாவது நீட்டப்பட்டது என்பதையும் அந்த அதிகாரத்தை வாசிக்கும்போது நினைத்துப் பார்க்கலாம்.)

ஆகவே, வளவில் நன்றி சொல்பவர் வீதியில் இறங்கி நியாயம் கேட்கக் கூடாது என்றில்லை. 2007இல் முள்ளிக்குளத்தை விட்டு வெளியேற்றப்பட்ட மக்கள், 2017இல் ஒரு மாதத்துக்கு மேலாக வீதியோரம் இருந்து தம் காணியைக் கேட்டார்கள். அதன் பின்னரே 100 ஏக்கர் விடுவிக்கப்படும் என்ற அறிவிப்பு வந்தது. அதே ஆண்டு மாசி 20ஆம் திகதி கிளிநொச்சியில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் தொடர் போராட்டத்தைத் தொடங்கினார்கள். எமது அம்மாவும் இடைக்கிடை பஸ் ஏறி அங்கே போய் இருந்துவிட்டு, பொழுதுபடமுன் ஆடு கட்ட வந்துவிடுவார். இரண்டும் அவருக்கு ஒரே செபத்தின் இரண்டு பாதிகள் போலும்.

இன்னும் முகாம் போன்ற இடங்களிலோ வாடகைக் காணியிலோ இருக்கும் குடும்பங்கள், எமக்கு வளவே இல்லையே சுவாமி என்று கேட்பது எமக்குக் கேட்கிறது. பபிலோனில் இருந்தவர்களுக்கும் சொந்தக் காணி இருக்கவில்லை. அவர்களுக்கு எரேமியா எழுதிய கடிதத்தில், இருக்கும் இடத்தில் தோட்டம் வைத்து அதன் பலனை உண்ணுங்கள் என்ற கருத்தும் உண்டு. ஊர் திரும்புவீர்கள் என்ற வாக்கும் உண்டு. ஒன்றுக்காக மற்றதைக் கைவிடச் சொல்லவில்லை. இரண்டு பழைய வாளியில் மண் போட்டு மிளகாய்க் கன்று வைத்தாலும், அதற்குத் தண்ணீர் ஊற்றிய பிள்ளையின் பெயரை இரவுச் செபமாலையில் சொல்லலாம். அப்படிச் சொல்லப்பட்ட பிள்ளை அடுத்த நாளும் ஊற்றும். இதை நாம் கண்டிருக்கிறோம்.

கடைசியாக அந்த அம்மாவைக் கண்டது ஒரு காலபோக அறுவடை முடிந்த கையோடு. புதிர் அரிசி ஒரு சுண்டு, பையில் கட்டிக் கோயிலுக்குக் கொண்டு வந்திருந்தார். காணிக்கைக் கூடையில் வைத்துவிட்டு, பூசைக் கருத்துக்கு மகனின் பெயரைத் தந்தார். நாம் கொப்பியை எடுத்து வழமைபோல் எழுதப் போனோம். அவர் எட்டிப் பார்த்துவிட்டு விரலால் தடுத்தார்.

"அந்தப் பக்கத்தில எழுதாதேங்கோ சுவாமி. அது மரிச்சவையின்ர. இஞ்சால, நன்றிப் பூசைக்குக் குடுத்தவையின்ர பேரோட எழுதுங்கோ."

அங்கேயே எழுதினோம்.