ஆயிரம் பவுணின் விலை

மறைந்தவர்களைப் பற்றி நல்லதையே எழுதவேண்டும் என்பது பத்திரிகை மரபு. நீண்டகாலம் அத்துறையில் இருந்தவன் என்ற முறையில் அந்த மரபை நான் அறிவேன். ஆனால், 2024 ஏப்ரல் 17 ஆம் திகதி தமது 92 ஆவது வயதில் காலமான ராமன் சுப்பாராவ் குறித்து, அந்த மரபு மறைத்துவிடும் ஒரு விடயத்தைச் சொல்லியே ஆகவேண்டும்.

அவரது துடுப்பாட்டத்தில் எனக்குக் குறையில்லை. ஆந்திரத்தின் பாபட்லாவைச் சேர்ந்த தந்தைக்கும் ஆங்கிலேயத் தாய்க்கும் இலண்டனில் பிறந்தவர் அவர். 1958 இல் நோர்தாம்ப்டன்ஷயர் அணிக்காக, தமது பழைய அணியான சரேக்கு எதிராக 300 ஓட்டங்களைக் குவித்தார். 1961 ஆஷஸ் தொடரின் முதலாவது டெஸ்டிலும் கடைசி டெஸ்டிலும் சதம் பெற்றார். 13 டெஸ்ட் போட்டிகளில் சராசரி 46.85. அத்துடன், 29 வயதிலேயே ஓய்வுபெற்றார். 1982 பெப்ரவரியில் இலங்கையின் முதலாவது டெஸ்டில் ஆடுவதற்குக் கொழும்புக்கு வந்த இங்கிலாந்து அணியின் முகாமையாளரும் அவரே.

ஆயினும், ஒரு நிர்வாகியை அவர் குவித்த ஓட்டங்களைக் கொண்டு அளக்கமுடியாது. 1985 முதல் 1990 வரை அவர் இங்கிலாந்தின் டெஸ்ட் மற்றும் கவுண்டி கிரிக்கெட் சபையின் தலைவராக இருந்தார். 1987 டிசம்பரில் பைசலாபாத் டெஸ்டில், அணித்தலைவர் மைக் கேட்டிங் நடுவர் ஷகூர் ராணாவுடன் விரல்நீட்டி வாதாடினார். மூன்றாம் நாள் ஒரு பந்தேனும் வீசப்படவில்லை. சபையின் அறிவுறுத்தலின்படி கேட்டிங் மன்னிப்புக் கோரி எழுதிக்கொடுத்த பின்னரே ஆட்டம் தொடர்ந்தது.

இதுவரை சரி. அதன்பின் பாகிஸ்தானுக்குச் சென்ற சுப்பாராவ், அணியின் ஒவ்வொரு வீரருக்கும் ஆயிரம் பவுண் வழங்கத் தீர்மானித்தார். அதற்குச் சூட்டப்பட்ட பெயர், சிரமக் கொடுப்பனவு! நடுவருக்குக் கிடைத்தது ஒரு துண்டுக் காகிதம். அவரை எதிர்த்த அணிக்குக் கிடைத்ததோ பணமுடிப்பு.

ஷகூர் ராணா பண்பாக நடந்துகொண்டார் என்றோ, பாகிஸ்தான் நடுவர்கள் பற்றிய முறைப்பாடுகள் யாவும் பொய்யென்றோ நான் வாதிடவில்லை. ஆனால் அதே ஆண்டு கோடையில், டேவிட் கொன்ஸ்டன்ட் தமது போட்டிகளில் நடுவராக நிற்கவேண்டாம் என்று பாகிஸ்தான் அணி கேட்டபோது, இதே சபைதான் மறுத்தது. நடுவரில் நம்பிக்கையில்லை என்று பாகிஸ்தான் சொன்னால் அது அவமதிப்பு. அதையே இங்கிலாந்து சொன்னால் சிரமமா?

1992 முதல் 2001 வரை அவர் 41 டெஸ்ட் போட்டிகளிலும் 119 ஒருநாள் போட்டிகளிலும் போட்டி மத்தியஸ்தராகப் பணியாற்றினார். நடுவரை எதிர்க்கும் வீரர்களைத் தண்டிக்கும் ஆசனம் அது! ஆயிரம் பவுண் கொடுத்த கையிலேயே தண்டனைக் கோலும் கொடுக்கப்பட்டதைச் சர்வதேச கிரிக்கெட் சபை ஒரு முரண்பாடாகக் கருதவில்லை.

நடுநிலை நடுவர் முறை வந்ததே இத்தகைய சச்சரவுகளின் பின்னர்தான். 1994 முதல் டெஸ்டுக்கு ஒருவரும், 2002 முதல் இருவரும் வெளிநாட்டவராயினர்.

கிரிக்கெட் சபைகளை முன்னாள் வீரர்களிடமே ஒப்படைக்கவேண்டும் என்போர் இதனைக் கவனிப்பது நல்லது. வீரர்களின் வலி சுப்பாராவுக்குத் தெரிந்திருந்தது. நடுவரின் வலியும் தெரிந்திருக்கவேண்டிய இடத்தில் அவர் அமர்ந்திருந்தார் என்பதே என் வழக்கு.