நள்ளிரவில் ஓடும் பணிகளுக்கு யார் பொறுப்பு?

உதவித்தொகைப் பட்டியலைத் தயாரிப்பது, விண்ணப்பக் கெடு முடிந்ததும் படிவத்தை மூடுவது, நினைவூட்டல் மின்னஞ்சல் அனுப்புவது ஆகியவை இன்று பல்கலைக்கழக வலைச்செயலிகளில் மனிதர் கைபடாமல் குறித்த நேரத்தில் நடக்கின்றன. பெரும்பாலும் இவற்றை இயக்குவது கிரான். 1979-இல் வெளிவந்த யூனிக்ஸ் ஏழாம் பதிப்பிலேயே இடம்பெற்ற கருவி அது. நிமிடம், மணி, தேதி, மாதம், கிழமை என ஐந்து புலங்களும் ஒரு கட்டளையும் போதும். இந்த எளிமையே பலரையும் ஏமாற்றிவிடுகிறது.

நள்ளிரவு 12 மணிக்குப் படிவத்தை மூடும்படி ஒரு வரி எழுதப்படுகிறது எனக் கொள்வோம். சர்வரின் கடிகாரம் யூடிசி நேரத்தில் இருந்தால், படிவம் மூடப்படுவது இந்திய நேரப்படி காலை 5.30-க்கு. கெடுவை மதித்து விலகிக்கொண்ட மாணவர் வாய்ப்பை இழக்கிறார். மதியாதவர் ஐந்தரை மணி நேரம் கூடுதலாகப் பெறுகிறார். மாதக் கடைசி என்று கருதி 31-ஆம் தேதியைக் குறித்தால், அப்பணி ஆண்டில் ஏழு மாதங்கள் மட்டுமே ஓடும். மற்ற ஐந்து மாதங்களில் பிழைச்செய்தியும் வராது. கிரானைப் பொறுத்தவரை பிழை எதுவும் நிகழவில்லை.

எதிர்த்திசையிலும் சிக்கல் உண்டு. செயலி இரண்டு சர்வர்களில் இயங்கி, இரண்டிலும் அதே அட்டவணை இருந்தால், ஒரே தொகை இருமுறை வழங்கப்படலாம். ‘இந்த மாணவர், இந்த மாதம்’ என்னும் இணை ஒருமுறைதான் பதிவாகலாம் என்று தரவுத்தளத்திலேயே கட்டுப்பாடு விதித்து, அப்பதிவு கிட்டிய பின்னரே தொகையை வழங்குவது இதற்குத் தீர்வு. அப்போது பணி எத்தனை முறை ஓடினாலும் விளைவு ஒன்றே.

இவை பெருநிறுவனங்களின் கவலை, சிறு துறைக்கு எதற்கு என்று கேட்கப்படுவதுண்டு. உண்மை நேர்மாறானது. பெருநிறுவனத்தில் இரவிலும் கண்காணிக்க ஆள் இருப்பார். சிறு துறையிலோ, செயலியை எழுதிய மாணவர் பட்டம் பெற்றுச் சென்றிருப்பார். அவர் எழுதிய வரி மட்டும் ஓடிக்கொண்டிருக்கும், அல்லது ஓடாமல் நின்றிருக்கும்.

தேவையானது பெருஞ்செலவன்று. ஒவ்வொரு பணியும் கடைசியாக வெற்றியுடன் முடிந்த நேரத்தைப் பதிவுசெய்ய வேண்டும். உரிய காலத்தில் அப்பதிவு வராவிட்டால், வேறொரு கணினி பொறுப்பாளர் ஒருவருக்குத் தகவல் அனுப்ப வேண்டும். தோல்வியை அறிவிக்கும் ஏற்பாடு மட்டும் போதாது. நிகழாமையையும் அறிவிக்க வேண்டும்.

இயங்குதளப் பாடத்தில் ரவுண்ட் ராபின் கணக்குகளை மாணவர்கள் தேர்வுதோறும் போடுகின்றனர். ‘இப்பணி நேற்றிரவு ஓடவில்லை என்றால் யாருக்கு, எப்போது தெரியும்?’ என்ற வினாவும் அத்தேர்வில் இடம்பெற வேண்டும். வராத உதவித்தொகைக்காக அலுவலக வாசலில் நிற்கும் மாணவரே முதல் எச்சரிக்கை மணியாக இருப்பது, எந்தக் கணினித் துறைக்கும் பெருமை சேர்க்காது.