பத்து வருடத் தவணை வேண்டாம்

“அண்ணை, அது காலத்தை முந்தின படம். பத்து வருசம் கழிச்சுப் பாருங்கோ, அப்ப விளங்கும்.”

ரொறன்ரோவின் அஜின்கோர்ட்டில் தமிழ்ப் படங்களைப் பற்றிக் கதைக்கும் எந்தக் கூட்டத்திலும் இந்த வாக்கியம் ஒரு முறையாவது வந்து விழும். ஷெப்பர்ட் அவெனியூக் கடைகளில் றோல்ஸுக்கும் வடைக்கும் காத்து நிற்கும்போது கேட்கலாம். பிறந்தநாள் விழா மண்டபத்தில், சாப்பாடு வரும்வரை நடக்கும் அரட்டையிலும் கேட்கலாம். கமல்ஹாசனின் ‘விஸ்வரூபம் 2’ பேச்சில் வந்துவிட்டால் கட்டாயம் கேட்கும். படம் இழுக்கிறது என்பார் ஒருவர். சண்டைக் காட்சிகள் தரம் என்பார் இன்னொருவர். வாதம் சூடுபிடிக்கும் நேரம் பார்த்து யாரோ இந்த வாக்கியத்தைப் போடுவார். அதற்குமேல் கதைக்க எதுவும் மிஞ்சாது. படம் பிடிக்காதவர் விளங்காதவர் ஆகிவிடுவார்.

இந்த நம்பிக்கை பிழை. ஒரு படத்தைப் பற்றிய பிழையென்றால் விட்டுவிடலாம். ஆனால் இது படம் பார்ப்பதையும் படம் பற்றிப் பேசுவதையும் கெடுக்கும் பிழை. கமலை நேசிப்பவர்கள்தான் இதை முதலில் கைவிட வேண்டும்.

முதல் பாகத்தின் கதையிலிருந்து தொடங்குவோம். ‘விஸ்வரூபம்’ 2013 ஜனவரி 25 அன்று வட அமெரிக்காவில் திரைக்கு வந்தது. அதே நாட்களில் தமிழ்நாட்டில் முஸ்லிம் அமைப்புகள் எதிர்ப்புத் தெரிவிக்க, மாவட்ட ஆட்சியர்கள் 144 தடை உத்தரவு போட்டார்கள். வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் ஏறியது. சில இடங்களை நீக்கவும் சில இடங்களில் ஒலியை அடைக்கவும் கமல் சம்மதித்த பிறகு, பெப்ரவரி 7 அன்றுதான் அங்கே படம் வெளியானது. நாட்டை விட்டே போய்விடுவேன் என்று ஒரு கலைஞன் சொல்லும் நிலை வந்த நாட்கள் அவை. ரசிகர்கள் அவரைச் சுற்றி அரண் போட்டதில் நியாயம் இருந்தது. அன்று அரண் தேவைப்பட்டது, ஏனென்றால் எதிரே நின்றது தடை. 2018 ஓகஸ்ட் 10 அன்று இரண்டாம் பாகம் வந்தபோது எதிரே நின்றது தடை அல்ல, விமர்சனம். பழைய அரணை அப்படியே இதற்கும் எழுப்பியதில்தான் கோளாறு தொடங்கியது.

இரண்டாம் பாகம் தாமதமானதற்குக் காரணம் ஊரறிந்தது. முதல் பாகத்தோடு சேர்த்தே ஒரு பகுதியைப் படமாக்கியிருந்தார்கள். தயாரிப்பில் பணச் சிக்கல் வந்து படம் வருடக்கணக்கில் கிடப்பில் கிடந்தது. பிறகு கமலே அதைத் தன் நிறுவனத்துக்கு எடுத்து முடித்தார். இதை வைத்து ரசிகர்கள் சொல்வது: “சொன்ன நேரத்துக்கு வந்திருந்தால் ஓடியிருக்கும்.” அடுத்த மூச்சில் சொல்வது: “காலத்துக்கு முன்னே வந்துவிட்டது.” ஒரே படம் பிந்தியும் முந்தியும் வந்திருக்க முடியாது. இரண்டையும் ஒருவரே சொல்லும்போது அங்கே பேசப்படுவது படம் அல்ல என்பது தெரிகிறது. குறையை எங்காவது இறக்கிவைக்க வேண்டும், இயக்குநரின் மேசையில் மட்டும் வைக்கக் கூடாது. அவ்வளவுதான்.

கமல் வரப்போவதை முன்னறிந்தவர் என்பதற்கு ரசிகர்கள் காட்டும் சான்றுகள் இரண்டு. ஒன்று, 2003-இல் வந்த ‘அன்பே சிவம்’ படத்தில் சுனாமி பற்றிய பேச்சு வருகிறது. உண்மைச் சுனாமி 2004 டிசம்பரில் வந்தது. மற்றது, 2013-இலேயே அவர் ‘விஸ்வரூபம்’ படத்தை டிடிஎச் வழியாக வீடுகளுக்கு நேரே தர முயன்றார். திரையரங்கு உரிமையாளர்களின் எதிர்ப்பில் அது நடக்கவில்லை. பின்னாளில் ஓடிடி வந்து அதையே வழக்கமாக்கிவிட்டது. முதலாவது ஒரு தகவல், படித்தவர் எவருக்கும் தெரிந்திருக்கக் கூடியது. இரண்டாவது வியாபாரத்தில் காட்டிய தூரப் பார்வை, அதற்காக அவரை மனதாரப் பாராட்ட வேண்டும். ஆனால் இந்த இரண்டும் ஒரு காட்சியின் வெட்டையோ, ஒரு பாத்திரத்தின் ஆழத்தையோ நல்லதாக்கிவிடாது. படம் ஆரூடம் அல்ல. பலித்ததா என்று பார்த்து மதிப்பெண் போட முடியாது.

“அப்ப ‘அன்பே சிவம்’? ‘குணா’?” என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். அந்தப் படங்கள் வந்தபோது ஓடவில்லை, பிறகு கொண்டாடப்பட்டன. ஆனால் அவை விளங்காமல் போகவில்லை. ‘குணா’ 1991 தீபாவளிக்கு ‘தளபதி’யோடு ஒரே நாளில் வந்து அந்த வெள்ளத்தில் அகப்பட்டது. ‘அன்பே சிவம்’ 2003 பொங்கலுக்கு விக்ரமின் ‘தூள்’ கலக்கிக்கொண்டிருந்த நேரத்தில் வந்தது. புவனேஸ்வரத்திலிருந்து சென்னை வரை இரண்டு பேர் வாக்குவாதம் செய்துகொண்டே வரும் கதையில் விளங்காமல் போக என்ன இருக்கிறது? பண்டிகைக் காலத்தில் அந்தப் படத்துக்குப் போனவர்கள் குறைவு. பிறகு தொலைக்காட்சி அதைத் திரும்பத் திரும்பப் போட்டது. போகாதவர்கள் வீட்டில் இருந்து பார்த்தார்கள், பார்த்ததும் பிடித்தது. அந்தப் படத்துக்கு விளக்கம் தேவைப்படவில்லை, ஆட்கள்தான் தேவைப்பட்டார்கள். ‘குணா’வின் பாட்டை 2024-இல் ‘மஞ்ஞும்மல் பாய்ஸ்’ என்ற மலையாளப் படம் புதிய தலைமுறைக்குக் கொண்டுபோனதும் அதே வகைதான்.

எதிர்ப்பக்கச் சான்றும் கமலின் படங்களிலேயே உண்டு. ‘ஆளவந்தான்’ 2001-இல் வந்து பிளவுபட்ட வரவேற்பைப் பெற்றது. அதுவும் காலத்தை முந்திய படம் என்று இருபது வருடங்களுக்கு மேலாகச் சொல்லப்பட்டது. 2023 டிசம்பரில் மறுபடி திரைக்கு வந்தபோது நீளத்தைக் குறைத்து வெட்டிய வடிவில்தான் வந்தது. காலம் போனால் தானாகச் சரியாகும் என்றால், கத்தரிக்கோலுக்கு அங்கே வேலை இருந்திருக்காது.

வெளியுலகிலும் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 1969-இல் வந்த ஜேம்ஸ் பாண்ட் படமான ‘ஆன் ஹர் மெஜெஸ்டிஸ் சீக்ரெட் சர்வீஸ்’ அதன் காலத்தில் ரசிகர்களைப் பிளந்த தொடர்ச்சி. புதிதாக வந்த ஜார்ஜ் லேசன்பி ஒரே படத்தோடு போனார். அடுத்ததில் ஷான் கானரி திரும்பி வந்தார். இன்று அதை பாண்ட் வரிசையின் சிறந்த படங்களில் வைப்பவர்கள் பலர். அவர்கள் காத்திருந்து ஜெயிக்கவில்லை. பீட்டர் ஹண்டின் இயக்கத்தை, ஜான் பாரியின் இசையை, மணமான அன்றே மனைவியை இழக்கும் அந்த முடிவை எடுத்துக்காட்டி, காட்சி காட்சியாக வாதாடினார்கள். வருடங்கள் கழிவதால் எந்தப் படமும் மேலே ஏறுவதில்லை. அதற்காக வாதாட யாராவது வர வேண்டும்.

அப்படியென்றால் ‘விஸ்வரூபம் 2’ படத்துக்காகவும் அப்படி வாதாடுவோம். அதில் எனக்கு மிகப் பிடித்தது தாயும் மகனும் சந்திக்கும் காட்சி. தாயாக வஹீதா ரஹ்மான் வருகிறார். 1950-களில் தெலுங்கு, தமிழ்ப் படங்களில் ஆடத் தொடங்கிப் பிறகு இந்தித் திரையின் பெரும் நடிகையானவர். தாய்க்கு நினைவு அழிந்திருக்கிறது. எதிரே நிற்பவன் தன் மகன் என்று அவருக்குத் தெரியவில்லை. பெயரை மறைத்து, மதத்தை மறைத்து, காதலையும்கூட மறைத்து வாழ்வதே தொழிலாகக் கொண்ட ஓர் உளவாளி, மறைக்க விரும்பாத ஒரே ஆளின் முன் வந்து நிற்கிறான். அந்த ஒருவருக்கும் அவன் அந்நியன். கமல் அங்கே அழுது தள்ளவில்லை, முகத்தைக் கட்டுப்படுத்திக்கொண்டு நிற்கிறார். உளவாளிக் கதைகள் வழக்கமாகத் தொடாத இடம் அது. முதல் நாளே விளங்கிய காட்சி.

இப்போது மறுபக்கம். இரண்டாம் உலகப் போரில் மூழ்கிய கப்பலில் கிடக்கும் வெடிபொருளை வைத்து லண்டனை அழிக்கும் சதி படத்தில் வருகிறது. இது வெறும் கற்பனை அல்ல. 1944-இல் தேம்ஸ் முகத்துவாரத்தில் தரைதட்டி உடைந்த ‘ரிச்சர்ட் மான்ட்கோமரி’ என்ற அமெரிக்கக் கப்பல் ஏறத்தாழ 1,400 தொன் வெடிபொருளோடு இன்றும் அங்கே கிடக்கிறது. ஒரு முழுப் படத்தையும் தாங்கக்கூடிய கரு அது. படமோ அதை அவசரமாக முடித்துவிட்டு இந்தியாவுக்குத் தாவுகிறது. முதல் பாகத்தின் காட்சிகள் திரும்பத் திரும்பக் குறுக்கே வந்து நிற்கின்றன. முதல் பாகத்தில் மதமும் தந்தைமையும் மோதும் மனிதனாக இருந்த ராகுல் போஸின் ஓமர், இதில் பழி தீர்க்கும் வில்லனாகச் சுருங்கிவிடுகிறார். முதல் பாகத்தில் தற்கொலைத் தாக்குதலுக்குத் தயாராகும் இளைஞன் ஊஞ்சலில் ஏறிக் குழந்தைபோல ஆடுவானே, அந்த அளவுக்கு எதிரியையும் மனிதனாகப் பார்த்த கண் இதில் இல்லை. இவையெல்லாம் எழுத்திலும் தொகுப்பிலும் உள்ள குறைகள். 2018-இல் இருந்தன. 2028-இலும் இருக்கும்.

இதைச் சொல்பவருக்குப் படம் விளங்கவில்லை என்று எப்படிச் சொல்ல முடியும்? அதுவும் இந்த ஊரில்? அஜின்கோர்ட்டில் தமிழ்ப் படம் பார்ப்பவர்களில் பெரும்பாலானோர் ஈழத்திலிருந்து போரைக் கடந்து வந்தவர்கள், அவர்களின் பிள்ளைகள். உளவு அமைப்பு என்பது அவர்கள் கதைப் புத்தகத்தில் மட்டும் படித்த விஷயம் அல்ல. 1980-களில் இந்தியாவின் ‘றோ’ ஈழ இயக்கங்களுக்குப் பயிற்சி கொடுத்ததும் அதன்பின் நடந்ததும் பல வீடுகளின் சொந்த வரலாறு. ஒரு ‘றோ’ அதிகாரியைக் களங்கமில்லாத நாயகனாகக் காட்டும் படத்தை அவர்கள் சென்னைப் பார்வையாளரைப் போலப் பார்க்க மாட்டார்கள். அந்தப் பார்வையில் பேச எவ்வளவோ இருக்கிறது. அகதி எப்படிக் காட்டப்படுகிறான், சோதனைச் சாவடியில் துப்பாக்கி யார் கையில் இருக்கிறது, குண்டு விழும் ஊரில் இருப்பவருக்கு முகம் கொடுக்கப்பட்டிருக்கிறதா என்று கேட்கலாம். “பத்து வருசம் கழிச்சு விளங்கும்” என்ற ஒற்றை வாக்கியம் இத்தனை பேச்சையும் தொடங்கும் முன்னே முடித்துவைக்கிறது.

இங்கே பிறந்த பிள்ளைகளுக்கு இது இன்னும் பெரிய கேடு. அவர்கள் துணைத்தலைப்பை வாசித்துப் பெற்றோருடன் படம் பார்க்கிறார்கள். பிடிக்கவில்லை என்று ஒரு பதின்ம வயதுப் பிள்ளை சொன்னால், ஏன் என்று கேட்க வேண்டும். அந்தப் பதிலில்தான் அவளுக்கும் தமிழ்ப் படத்துக்கும் உறவு தொடங்குகிறது. “உனக்கு இப்ப விளங்காது” என்று சொன்னால் அடுத்த படத்துக்கு அவள் வர மாட்டாள்.

கமலுக்கு இது மரியாதையா என்றும் யோசியுங்கள். வெளியான நாளிலேயே பார்வையாளரோடு பேச வேண்டும் என்றுதான் எந்தக் கலைஞனும் படம் எடுக்கிறான். எழுத்து, இயக்கம், நடனம், சண்டை என்று ஒவ்வொன்றிலும் உழைத்த ஒருவருக்கு நாம் தரக்கூடிய மரியாதை, அந்த உழைப்பை உன்னிப்பாகப் பார்த்து, நின்றது எது, சரிந்தது எது என்று சொல்வதுதான். வருங்காலம் பாராட்டும் என்று ஒப்படைத்துவிடுவது நம் கடமையை அடுத்த தலைமுறையின் தலையில் கட்டுவதாகும்.

ஆகவே இனி யாராவது பத்து வருடத் தவணை கேட்டால் ஒப்புக்கொள்ளாதீர்கள். எந்தக் காட்சி, அதில் என்ன நடக்கிறது, அது ஏன் நல்லது என்று கேளுங்கள். பதில் இருந்தால் உட்கார்ந்து கேளுங்கள், படத்தை மறுபடி பாருங்கள், தேவையானால் கருத்தை மாற்றிக்கொள்ளுங்கள். பதில் இல்லையென்றால், படம் பிடிக்கவில்லை என்று சொன்னவர் தாராளமாகத் தலை நிமிர்ந்து இருக்கலாம்.